பரங்கிமலையிலிருந்து இமயத்தின் வேர் வரை

இமயமலைக்கு வேர் உண்டு. நாம் அண்ணாந்து பார்க்கும் மலையைவிடப் பல மடங்கு பெரிய பாறைத் திரள் அதன் அடியில் பூமிக்குள் இறங்கிக் கிடக்கிறது. தென்னிந்தியாவின் கீழே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் முடிந்துவிடும் பூமியின் மேலோடு, இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் சுமார் 70 கிலோமீட்டர் வரை தடித்திருக்கிறது. யாரும் அங்கே தோண்டிப் பார்த்ததில்லை. பூமியில் மனிதன் போட்ட மிக ஆழமான துளையே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது.

இன்று நிலநடுக்க அலைகளை வைத்து இந்தத் தடிமனை அளக்கிறோம். ஆனால் இந்த முறை வருவதற்கு வெகுகாலம் முன்னரே, 1855-லேயே, மலைக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று இரண்டு கணித வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை சில எண்கள். அந்த எண்கள் வரை கொண்டுவந்த வேலை தொடங்கியது ஓர் எஃகுச் சங்கிலி, கோணம் அளக்கும் ஒரு கருவி, நூலில் தொங்கும் ஒரு குண்டு ஆகியவற்றோடு. அந்த வேலை தொடங்கிய இடம் சென்னையின் பரங்கிமலை அடிவாரம். நாள் 1802 ஏப்ரல் 10. தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

எவரெஸ்ட் என்ற பெயரை உலகில் தெரியாதவர் இல்லை. அந்த எவரெஸ்ட் யாரிடம் உதவியாளராகச் சேர்ந்தாரோ அந்த லாம்டனின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது. பிழைப்புக்குப் படையில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று, 1781-ல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். பிறகு பல ஆண்டுகள் வட அமெரிக்காவின் குளிரில், நியூ பிரன்ஸ்விக் பகுதியில், படைக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் சிறிய வேலை. அங்கே இருந்தபோது போதிய பாதுகாப்பில்லாமல் சூரிய கிரகணத்தைக் கவனித்ததில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. மற்றவர்கள் சலித்துப்போகும் அந்த ஆண்டுகளில் அவர் கணிதமும் புவி அளவியலும் தானாகவே படித்துக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கு வரும்போது நாற்பது வயதைக் கடந்திருந்தார். எஞ்சிய ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தொலைநோக்கி வழியாகவே மீதி வாழ்நாளைக் கழிக்கப்போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் லாம்டனும் இருந்தார். ஓர் இரவு ஜெனரல் பேர்டின் படைப்பிரிவு தன் முகாமுக்குத் திரும்ப வடக்கே நடப்பதாக நினைத்துக்கொண்டு போனது. லாம்டன் வானத்தைப் பார்த்தார். விண்மீன்களின் இருப்பு வேறு சொன்னது. தெற்கே, நேராக எதிரியின் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தளபதியிடம் சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

மைசூர் வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் பெரும் நிலப்பரப்பு வந்தது. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் நல்ல வரைபடம் தேவை. லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை தீபகற்பத்தை முக்கோணங்களால் அளக்கலாம் என்றார். அவருடைய படைப்பிரிவின் தலைவராக இருந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவு கிடைத்தது. சென்னை அரசு ஒப்புக்கொண்டது. கம்பெனி பணம் கொடுத்தது வரைபடத்துக்காக. லாம்டனின் மனம் இருந்தது வேறொன்றில். பூமியின் உண்மையான வடிவம் என்ன என்று அவர் அறிய விரும்பினார்.

அது அன்றைய பெரிய கேள்வி. தன்னைத்தானே சுற்றும் பூமி நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்றார் நியூட்டன். இல்லை, துருவங்களை நோக்கி நீண்டிருக்கிறது என்றது பாரிஸின் காசினி குடும்பம். 1730களில் பிரான்சிலிருந்து பெருவுக்கும் லாப்லாந்துக்கும் குழுக்கள் போய் அளந்து வந்ததில் நியூட்டன் சொன்னது சரி என்று தெரிந்தது. நிலநடுக்கோட்டருகே தெற்கு வடக்காக ஒரு டிகிரி நடந்தால் சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே சுமார் 111.7. வேறுபாடு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். எவ்வளவு தட்டை என்று துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், வெப்ப மண்டலத்தில் நீண்ட தொலைவை மிகச் சரியாக அளந்தாக வேண்டும். எட்டாவது டிகிரியில் தொடங்கி வடக்கே நீண்டுகொண்டே போகும் இந்திய நிலம் அதற்கென்றே அமைந்ததுபோல் லாம்டனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் வேலை அடிக்கோடு. பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் சமதரை. இன்று அடுக்குமாடிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும் அதே பாதைதான். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஒவ்வொன்றும் இரண்டரை அடி கொண்ட நாற்பது கண்ணிகள். செய்தவர் லண்டனின் புகழ்பெற்ற கருவிக் கலைஞர் ராம்ஸ்டென். சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் இதுவும் ஒன்று. அங்கே யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. தூதுக்குழுவின் விஞ்ஞானி டின்விட்டி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார். அங்கிருந்து லாம்டனுக்குக் கிடைத்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலில் எஃகு நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த நூறு அடிச் சங்கிலி ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. ஒன்றுமில்லைதான். ஆனால் அதை நானூறு முறை எடுத்துப் போட வேண்டும். வெப்பநிலையைப் பத்து டிகிரி தவறாகக் கணித்தால் முழு அடிக்கோட்டிலும் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை வந்துவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார்கள். பெட்டிகளை முளைகளின் மேல் சமமாக நிறுத்தினார்கள். முனையில் எடை கட்டி ஒரே விசையில் இழுத்தார்கள். கூடவே வெப்பமானிகள், மேலே நிழலுக்குக் கூடாரத் துணி. ஒவ்வொரு நூறு அடிக்கும் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் போட்டார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் வாரக்கணக்கில் இது நடந்தது. முடிவில் கிடைத்த நீளம் 40,006 அடியும் சில அங்குலமும்.

ஒருமுறை ஒரு பக்கத்தை இப்படி அளந்துவிட்டால் பிறகு தரையில் சங்கிலி போட வேண்டியதில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். இது எட்டாம் வகுப்பு வடிவியல். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் ஒரு குன்றின் உச்சியைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். கிடைத்த புதுப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு ஆகும். இப்படியே குன்றுவிட்டுக் குன்று தாவி, காடும் ஆறும் குறுக்கிடாமல், நாட்டையே அளந்துவிடலாம்.

ஆனால் பள்ளிக்கூட முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி. பூமியின் மேல் வரைந்த முக்கோணத்தில் அப்படி இராது; கொஞ்சம் கூடுதலாக வரும், ஏனென்றால் தரை உருண்டை. எவ்வளவு கூடுதல்? ஏறக்குறைய ஒவ்வொரு 196 சதுர கிலோமீட்டர் பரப்புக்கும் ஒரு விகலை. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. பக்கம் நாற்பது கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் இந்தக் கூடுதல் மூன்றரை விகலை. தமிழ்நாட்டுக் குன்றுகளின் மேல் நின்று, மூன்று கோணங்களை அளந்து கூட்டி, பூமி உருண்டை என்பதை எண்ணாகவே அவர்கள் ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டிருந்தார்கள்! லாம்டனின் துல்லியம் எந்தத் தரத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கோணங்களை அளந்தது தியோடலைட். லண்டனில் கேரி என்பவர் செய்தது. மூன்றடி விட்டமுள்ள அளவு வளையம். மொத்த எடை அரை டன். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரிஷியஸுக்குப் போனது. அது அறிவியல் கருவி என்று அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகை நாட்டுச் சொத்தாக இருந்தும் அதைப் பறித்துக்கொள்ளாமல் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1804-ல் முக்கோணங்கள் பெங்களூரை எட்டின. அங்கே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்தார்கள். சென்னையிலிருந்து கோணங்கள் வழியாகவே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில்! மேற்குக் கடற்கரையை அடைந்தபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. சென்னைக்கு நேரே தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று பழைய வரைபடங்கள் காட்டின. உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் வரைபடத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

லாம்டனுக்கு வாய்த்த உதவியாளர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஹென்றி கேட்டர் பின்னாளில் தன் பெயரில் ஒரு ஊசலை வடிவமைத்தார். ஈர்ப்பு விசையை அளக்க இயற்பியல் மாணவர்கள் இன்றும் அதைத் தொட்டுத்தான் படிக்கிறார்கள். ஜோஷுவா டி பென்னிங் சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்றவர்; லாம்டனின் கடைசி நாள் வரை உடனிருந்தார். ஜான் வாரன் பிற்காலத்தில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். அந்த மனிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825-ல் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார்; கிரகணம் பிடித்த நேரம் சில நிமிடங்களே பிசகியது. வாரன் அதை எழுதிவைத்தார். வானியல் வரலாறு படிப்பவர்கள் இன்றும் அந்தக் குறிப்பைப் போற்றுகிறார்கள்.

பெயர் தெரியாமல் போனவர்கள் இவர்களைவிடப் பலர். அரை டன் கருவியைக் குன்றுகளின் மேல் சுமந்தவர்கள், தொலைதூரக் குன்றில் கொடியைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் நின்றவர்கள், காட்டை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்கள். தூசி அடங்கிக் காற்று தெளிவாக இருப்பது மழைக்காலத்தில்தான் என்பதால் முக்கியமான பார்வைகளை அப்போது எடுத்தார்கள். காட்டுக் காய்ச்சலும் அப்போதுதான் வரும். கோதாவரிப் பக்கக் காடுகளில் முகாமே காய்ச்சலில் விழுந்த ஆண்டுகள் உண்டு. எத்தனையோ பேர் மாண்டார்கள். கம்பெனியின் கணக்கேடுகளில் கருவிகளுக்கு இருக்கும் இடம் இவர்களுக்கு இல்லை.

1808-ல் லாம்டன் காவிரிப் படுகைக்கு வந்தார். குன்று ஒன்றுகூட இல்லாத சமவெளி; வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் பார்வையை மறைத்தன. உயரமாக இருந்தவை கோவில் கோபுரங்கள். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல். அதன் உச்சிக்குக் கருவியை ஏற்றிவிட்டால் வெகுதூரம் தெரியும். கயிறும் கப்பியும் கட்டி அரை டன் தியோடலைட்டை மேலே இழுத்தார்கள். பாதி வழியில், கருவி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய்க் கற்சுவரில் மோதியது. கோணங்களைப் படிக்கும் அளவு வளையம் நசுங்கிப்போயிற்று.

அளவு வளையம்தான் தியோடலைட்டின் உயிர். அதன் விளிம்பில் முடியிழை போன்ற கோடுகள் பொறித்திருக்கும். வளையம் கொஞ்சம் கோணினாலும் எல்லாக் கோணங்களும் பொய். இன்னொன்று வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். வேறொருவராக இருந்தால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு வேலையை நிறுத்தியிருப்பார். லாம்டன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. படைத் தளவாடக் கம்மியர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். கருவியை முழுக்கக் கழற்றினார். பெரிய பலகை ஒன்றில் வளையத்தின் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நசுங்கிய உலோகத்தை இம்மி இம்மியாக இழுத்து, அந்த வட்டத்துக்குப் பொருந்தும்வரை வெளியே தள்ளினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி ஏறக்குறையப் பழைய வடிவுக்கே வந்தது. பல ஆண்டுகள் உழைக்கவும் செய்தது. ஒரு படை அதிகாரி, ஒற்றைக் கண் பார்வையோடு, தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து செய்த இந்த வேலையை அறிவியல் வரலாற்றின் பெரிய காரியங்களில் ஒன்றாகவே நான் வைப்பேன்.

முக்கோணங்கள் கன்னியாகுமரி அருகே கடலைத் தொட்டன. பிறகு வடக்கே திரும்பின. 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி லாம்டனைத் தேடி வந்தது. அதே காலத்தில் பிரெஞ்சு அறிவியல் உலகமும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்ற ஊரில், அளவை முகாம் நாக்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, எழுபது வயதை ஒட்டி அவர் இறந்தார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய வேலையை அவர் ஒருநாளும் கைவிடவில்லை.

அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். முன்கோபி, துல்லியத்தில் லாம்டனையும் விஞ்சும் பிடிவாதம். சங்கிலிக்குப் பதில், வெப்பத்தால் நீளம் மாறாதபடி இரு உலோகங்களைச் சேர்த்துச் செய்த அளவுகோல்களைக் கொண்டுவந்தார். கங்கைச் சமவெளியில் குன்றே இல்லாத இடங்களில் கோபுரங்கள் கட்டினார். கணக்கு வேலைக்கு 1831-ல் அவர் சேர்த்துக்கொண்ட வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தர். பின்னாளில் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரக் கணக்கில் பங்கெடுத்தவர் இவரே. 1841-ல் குமரி முனை தொடங்கி முசோரி வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும் வில், அதாவது பூமியின் வளைவின் மேல் தெற்கு வடக்காக அளந்த கோடு, முடிந்தது.

அந்த வில்லின் வட பகுதியில் இரண்டு ஊர்கள். மத்திய இந்தியாவில் சிரோஞ்சுக்கு அருகே கல்யாண்பூர். அதற்கு நேர் வடக்கே, இமயத்துக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் இப்பால், முசாஃபர்நகர் அருகே கலியானா. இந்த இரண்டுக்கும் இடையே எத்தனை டிகிரி என்று இரு வழிகளில் கண்டார்கள். ஒன்று, முக்கோணங்களால் தரையை அளந்து கணக்கிடுவது. இன்னொன்று, இரு ஊர்களிலும் இரவில் விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. தரை சொன்னது 5 டிகிரி, 23 கலை, 42.294 விகலை (அறுபது விகலை ஒரு கலை). வானம் சொன்னது 5 டிகிரி, 23 கலை, 37.058 விகலை. வேறுபாடு 5.236 விகலை. தரையில் அது சுமார் 160 மீட்டர். அறுநூறு கிலோமீட்டரில் 160 மீட்டர்.

சாதாரணமாக அளந்திருந்தால் இந்தச் சிறு மிச்சம் வேறு பிழைகளோடு கலந்து காணாமல் போயிருக்கும். பெங்களூரில் நான்கு அங்குலம்கூடப் பிசகாத ஒரு மரபில் வந்தவர்கள் அளந்ததால்தான் 160 மீட்டர் உறுத்தியது. அளப்பவரின் நேர்மை எவ்வளவு மதிப்பு வாய்ந்தது என்பதை இந்த 5.236 போல எதுவும் எனக்குக் காட்டியதில்லை. எவரெஸ்ட் இதைக் கணக்கில் சேர்ந்துவிட்ட பிழை என்று கருதி, வில் முழுவதும் பங்கிட்டார். ஆனால் மறைக்கவில்லை. எண்கள் அச்சில் வந்தன.

கல்கத்தாவில் கிறிஸ்தவத் திருச்சபையின் உயர் பதவியில் இருந்தவர் ஜான் ஹென்றி பிராட். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். இந்த எண் அவரை உறங்கவிடவில்லை என்றே நினைக்கிறேன். அவர் யோசித்தது இது. விண்மீனைப் பார்த்து அட்சரேகை காண வேண்டுமானால், நம் தலைக்கு நேர் மேலே எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பிடிக்கும் அதே குண்டுநூல். அது பூமியின் மையத்தை நோக்கித் தொங்குகிறது என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஈர்ப்பு என்பது எல்லாப் பொருளுக்கும் உண்டு. பக்கத்தில் மாபெரும் மலை இருந்தால் அதுவும் குண்டைத் தன் பக்கம் இழுக்கும். 1774-ல் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்ற மலையருகே மாஸ்கலின் இதை அளந்தே காட்டியிருந்தார். கலியானாவில் இமயம் குண்டை வடக்கே இழுக்கும். அப்படி இழுத்தால் ‘நேர் மேல்’ என்பது தெற்கே சாயும். அட்சரேகை குறைவாகத் தெரியும். வானத்துக் கணக்கு தரைக் கணக்கைவிடக் குறைந்து வந்ததற்குக் காரணம் இதுவே.

ஆக, மர்மம் விடுபட்டது என்று பிராட் பேனாவை வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை. இமயத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் உயர்ந்த பீடபூமியையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் தொலைவையும் மதிப்பிட்டு, இழுப்பைக் கூட்டினார். கலியானாவுக்கும் கல்யாண்பூருக்கும் இடையே வர வேண்டிய வேறுபாடு 15.885 விகலை என்று விடை வந்தது. இருந்ததோ 5.236. ஒரு மீட்டர் நூலின் முனையில் இமயம் குண்டை 0.08 மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்க வேண்டும், 0.025 மில்லிமீட்டர்தான் தள்ளியது. எவ்வளவு இழுக்க வேண்டுமோ அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மலை இழுத்திருந்தது. மீதி நிறை எங்கே போயிற்று?

1855-ல் அச்சான பிராட்டின் கட்டுரை 1854 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரி மிகச் சிறிய பதில் கட்டுரை ஒன்றை அனுப்பினார். மெல்லிய கெட்டியான மேலோடு, அடியிலுள்ள அடர்த்தி கூடிய பொருளின் மேல் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம் என்றார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒரு கட்டை மற்றவற்றைவிட உயரமாக நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அது நீருக்குக் கீழும் மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருக்கும் என்பது பார்க்காமலே தெரியும். மலையும் அப்படித்தான். இமயத்தின் அடியில், அடர்த்தி கூடிய பொருள் இருக்க வேண்டிய இடத்தில், அடர்த்தி குறைந்த மேலோட்டுப் பாறை இறங்கிக் கிடக்கிறது. அதனால் அடியில் நிறை குறைவு. மேலே மலை கூட்டியதைக் கீழே வேர் ஏறக்குறையச் சரிக்கட்டிவிடுகிறது. குண்டு ஏன் தயங்கியது என்பதற்கு விடை இதுதான்.

இதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.8 மடங்கு, அதன் அடியிலுள்ள பாறையின் அடர்த்தி சுமார் 3.3 மடங்கு. ஐந்து கிலோமீட்டர் உயரமான திபெத்தைத் தாங்க எவ்வளவு வேர் வேண்டும்? 5-ஐ 2.8-ஆல் பெருக்கி, இரு அடர்த்திகளின் வேறுபாடான 0.5-ஆல் வகுத்தால் 28 கிலோமீட்டர். சாதாரண மேலோட்டின் 35, மேலே எழும்பிய 5, கீழே இறங்கிய 28, கூட்டினால் 68. நிலநடுக்க அலைகள் இன்று காட்டும் 70 கிலோமீட்டர் இதற்கு மிக அருகில் இருக்கிறது.

பிராட் ஏரியின் விடையை ஏற்கவில்லை. 1859-ல் அவர் வேறொரு விளக்கம் தந்தார்: எல்லாப் பாறைத் தூண்களின் அடியும் ஒரே ஆழத்தில் இருக்கிறது, உயர்ந்து நிற்கும் தூண் உப்பிப் பெருத்ததால் அடர்த்தி குறைந்திருக்கிறது, அவ்வளவே என்றார். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இயற்கை நமக்கு வைக்கவில்லை. இமயத்தைப் பொறுத்தவரை ஏரி சொன்னது பெரும்பாலும் சரி. கடலடியில் சூடான பாறை உப்பி எழுந்து நிற்கும் நடுக்கடல் மலைத்தொடர்களுக்குப் பிராட்டின் விளக்கம்தான் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். ஏரி நினைத்ததுபோல் அடியில் இருப்பது திரவம் இல்லை; திடப் பாறைதான். ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது மெல்ல நகர்ந்து கொடுக்கிறது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான பனிப்பாளத்தைச் சுமந்து அழுங்கிக் கிடந்த ஸ்காண்டிநேவியா, சுமை இறங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும், சில இடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவீடனின் வட கடற்கரையில் பழைய துறைமுகங்கள் கடலைவிட்டு விலகிப்போனது இதனால்தான்.

குண்டுநூல் தடுமாறுவது வடக்கே மட்டும் நடக்கவில்லை. பெங்களூர் அருகே எடுத்த அளவுகளிலேயே லாம்டன் ஒரு பிசகைக் கண்டு, மண்ணுக்கு அடியில் அடர்த்தியான ஏதோ ஒன்று குண்டை இழுத்திருக்கலாம் என்று ஐயுற்றார். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்றால், கடல்மட்டமும் ஒரே சீராக இருக்க முடியாது; ஈர்ப்பு கூடிய இடத்தில் நீர் குவியும், குறைந்த இடத்தில் தாழும். எவரெஸ்ட் 1830-ல் தந்த பூமி வடிவத்தின்படி துருவத் தட்டை 300.8-ல் ஒரு பங்கு. இன்றைய அளவு ஏறக்குறைய 298.26-ல் ஒரு பங்கு. இப்படிச் சீராக வரைந்த வடிவத்தோடு உண்மையான கடல்மட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், பூமியிலேயே மிகப் பெரிய பள்ளம் கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடலின் மேற்பரப்பு எதிர்பார்க்கும் மட்டத்துக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. கப்பலில் போகிறவர்களுக்கு எந்தச் சரிவும் தெரியாது, ஏனென்றால் கப்பலும் நீரும் குண்டுநூலும் எல்லாமே அதே ஈர்ப்புக்குத்தான் கட்டுப்படுகின்றன.

1948-ல் டச்சு அறிவியலாளர் வெனிங் மைனஸ் கப்பலில் அளந்து இதைக் கண்டார். காரணம் என்ன என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது. 2023-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இரு ஆய்வாளர்கள் பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து கண்டங்கள் நகர்ந்த பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்து ஒரு விடையை முன்வைத்தார்கள். இமயம் எழுவதற்கு முன்பு அங்கே இருந்த டெத்திஸ் என்ற கடலின் தரை பூமிக்குள் மூழ்கிப்போனது. அது ஆழத்தில் இறங்கியபோது ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்த சூடான பாறைத் திரளை நெருக்கித் தள்ளியது. அங்கிருந்து எழும்பிய சூடான, அடர்த்தி குறைந்த பொருள் இந்தியப் பெருங்கடலுக்குக் கீழே வந்து தங்கியிருக்கிறது என்கிறார்கள். அவர்கள் விடை முழுதும் உறுதியாக இன்னும் நில அதிர்வு அளவீடுகள் தேவை.